தம்பி வீட்டு மேடும் நாலு சக்கரமும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். அங்கே நீயும், உன் காலுக்குள் இருக்கும் தகடும், உன் மழைமானியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சிக்னல் கிடைக்க நீ தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறி இறங்கியதில்தான் போன வருஷம் கால் உடைந்தது. தவிர, நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அத்தான் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "மச்சான்கிட்ட சொல்லு, இன்னும் நாலு போல்ட்தான் பாக்கி" என்று ஊடே பேசுகிறார். ஆகவே இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை தொடங்குவதற்கு முன் நீ மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்துவிடு. உன்னைப் பற்றிய என் கவலை பழையது. அதற்கு நீ பழகிவிட்டாய். இப்போது என் வீட்டைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. நீ கீழே வந்தால்தான் அது மறுபடியும் வீடாகும்.

எல்லாம் உன் வாயால் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மயக்க மருந்து முழுசாகத் தெளியாத நிலையில் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. அந்த வானிலை நிலையத்தில் தனியாகக் கிடந்தது போதும், கீழே அலுவலகத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள் என்று நான் சொன்னேன். நீ, "சரிக்கா. அடுத்த மழையில, நல்லா பெய்யும்போது, நம்ம வண்டி என் வாசல் வரைக்கும் வந்துட்டா நான் அங்கேயே இருக்கேன். வரலேன்னா நீ சொல்ற மாதிரியே மாற்றல் கேக்கறேன்" என்றாய். நான் உடனே ஒத்துக்கொண்டேன். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறவள் நான்; எதற்கு வாய்ப்பே இல்லை என்பது எனக்குத் தெரியும். நம்முடைய பிக்கப்பில் பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் வேலை செய்யும். முன்சக்கரம் இரண்டும் கூடவே உருண்டு வரும், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்துக்கு வந்த தூரத்து உறவுக்காரர்கள் மாதிரி. உன் அத்தானின் கண்ணாடிக் கடைக்குச் சரக்கு ஏற்ற அது தாராளமாகப் போதும். மழையில் ஊறிய உன் மேட்டுச் செம்மண்ணுக்குப் போதாது என்பதை அன்று காலையில்தான் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தோம். உன்னை ஏற்றிவர வந்தபோது, மூன்றாவது வளைவில் பின்சக்கரம் சுற்றிய சுற்றில் சேறு முழுவதும், இறங்கிப் பார்க்கப் போன உன் அத்தானின் முகத்தில்தான் விழுந்தது. பால்காரர்கள் நாலு பேர் உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். நீ படுத்தபடியே, "என்ன அத்தான், சேறு பூசிக்கிட்டா முகம் பளபளன்னு ஆயிடுமா?" என்று கேட்டாய். அவரும் சிரித்தார். ஆனால் அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. நாம் இருவரும் பேசி முடிவு செய்தபோதும் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு மெக்கானிக்கோடு வீட்டுக்கு வந்தார்.

இந்த மெக்கானிக்குக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் கடைசியில் 'அவ்வளவுதான்' என்பார்; அதனால் ஊருக்கே அவர் 'அவ்வளவுதான்'. வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "முன்னாடி ஒரு ஆக்ஸில், நடுவுல சக்தியை ரெண்டு பக்கமும் பிரிச்சுக் கொடுக்க ஒரு பெட்டி, ரெண்டையும் சேக்க ஒரு ஷாப்டு. நாலு சக்கரமும் இழுக்கும். அவ்வளவுதான் மேடம்" என்றார்.

"இதெல்லாம் இப்ப நம்ம வண்டியில இருக்கா?"

"இல்ல."

"அப்ப எங்க இருக்கு?"

"இன்னொரு வண்டியில இருக்கு. அதை வாங்கிட்டா அவ்வளவுதான்."

அந்த இன்னொரு வண்டி மறுவாரம் கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டது. நம்முடையதைப் போலவே இருக்கும், ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் ஜாதி. என்ன பயன்? அதன் மேல் ஒரு மரம் விழுந்திருந்தது. கூரை உட்கார்ந்துபோய், ஒரு கண் போய், நான் துணி உலர்த்தும் இடத்தில் வந்து நின்றது. எதிர்வீட்டு வக்கீல் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "அடடா, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று விசாரித்தார். "இன்னும் ஆகல சார்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது, ஏனென்றால் எதுவும் வரிசையாக நடக்கவில்லை, கடையை மூடிவிட்டு வந்ததும் உன் அத்தான் நேராக வண்டிக்கு அடியில் போய்விடுவார், காபி வேண்டுமா என்று நான் அவருடைய கால்களிடம்தான் கேட்க வேண்டும், அந்தப் பிரிக்கும் பெட்டி என் குளியலறையில் துணி ஊறவைக்கிற தொட்டியில் மண்ணெண்ணெயில் ஊறியது, போல்ட் நட்டெல்லாம் காய்கறி வடிகட்டியில் வடிந்தன, அந்த ஷாப்டு கூடத்தில் என் புத்தக அலமாரியோடு சாய்ந்து நின்றது, விடைத்தாள் கட்டை வாங்கிப் போக வந்த எங்கள் துறைத்தலைவர் அதைக் குடை மாட்டுகிற கம்பி என்று நினைத்துக் குடையை மாட்ட, வண்டிக்கு அடியிலிருந்து அவசரமாக எழுந்து வந்த உன் அத்தான், "சார், அதுல மாட்டாதீங்க, பேலன்ஸ் போயிடும்" என்றார். துறைத்தலைவர் யாருடைய பேலன்ஸ் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் விடைத்தாள்களைப் பார்த்தேன்.

முன் ஆக்ஸிலை மாட்டி முடித்த அன்று 'அவ்வளவுதான்' சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு முதல்முறையாக வேறு வார்த்தை பேசினார். "ஐயோ" என்றார். முன்பக்க ஆக்ஸிலின் பல்சக்கரத்துப் பல்லுக்கு ஒரு கணக்காம், நம் பழைய பின்பக்க ஆக்ஸிலின் பல்லுக்கு வேறு கணக்காம். "இது ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள அது ஒண்ணேகால் சுத்து போயிடுது மேடம். ஒரே வீட்டுல ரெண்டு பேரு ரெண்டு வேகத்துல நடந்தா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க."

"நல்லாத்தான் நடக்குது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "யாரு முன்னாடி, யாரு பின்னாடி?"

மெக்கானிக்குக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவர் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஆக, பின்பக்க ஆக்ஸிலும் அந்த வண்டியிலிருந்தே வந்தது. அந்த ஆக்ஸிலுக்குத் தோதாக, வண்டியைத் தூக்கித் தாங்கும் அதன் வில்லுப்பட்டைகள் வந்தன. பிரிக்கும் பெட்டி நம்முடைய கியர் பாக்ஸோடு ஒட்டமாட்டேன் என்றதால் கியர் பாக்ஸும் வந்தது. ஒருநாள் நான், "இப்ப நம்ம வண்டியில நம்ம வண்டி எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டேன். உன் அத்தான் யோசித்து, "கதவு, ஹாரன், நம்பர் பிளேட்டு" என்றார். "அப்ப அந்த வண்டிக்கே நம்ம கதவை மாட்டியிருக்கலாமே?" என்றேன். பிறகு 'அவ்வளவுதான்', "மேடம் கேக்கறது நியாயந்தான். ஆனா அதோட அடிச்சட்டம் வளைஞ்சுபோச்சே" என்றார். அந்த நேரம் உன் அத்தான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி நிமிர்ந்து நின்றார். வளைந்துபோனது எது என்று நான் மேற்கொண்டு பேசவில்லை. அனுமதி வாங்கப் போன வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், நன்றாக ஓடுகிற வண்டிக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டார்களாம். இவர், "மச்சான் மேட்டுல இருக்கான்" என்றாராம். அதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டு முத்திரை குத்தியிருக்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கும் மச்சான்கள் இருப்பார்கள்போல.

இப்போது வண்டி இடுப்பு உயரம் ஏறி நிற்கிறது. கடைப் பையன்கள் கண்ணாடிப் பலகையை ஏற்ற வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கீழே நிற்பவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் ஏறுவதற்கு அடுப்படி முக்காலியை வண்டியிலேயே வைத்தாகிவிட்டது. ஏறி உட்கார்ந்ததும், அதில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து முக்காலியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், கிணற்றில் வாளி இறைப்பதுபோல. அதனால் மேல்தட்டிலிருக்கும் சர்க்கரை டப்பா எனக்கு எட்டுவதில்லை. சர்க்கரை வேண்டுமென்றால் வண்டிக்குப் போய்த்தான் வரவேண்டும். உள்ளே கியருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குட்டி லீவர் முளைத்திருக்கிறது. அதை இழுத்தால் நாலு சக்கரமும் சேர்ந்துகொள்ளும், ஒரு சிவப்பு பல்பும் எரியும். இழுக்காதபோது அது என் முழங்காலில் இடிக்கும்.

நேற்று ஒத்திகை. மழை இல்லாத காய்ந்த தார் ரோட்டில், உன் அத்தான் குட்டி லீவரை இழுத்தார். பல்பு எரிந்தது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். நேராகப் போகும்வரை நன்றாகத்தான் போனோம். எங்கள் தெருவுக்குள் திருப்பினார். வண்டி கட்டவிழ்ந்த ஆட்டுக்குட்டி மாதிரி இரண்டு துள்ளுத் துள்ளி, வக்கீல் வீட்டுக் கேட்டில் மூக்கை வைத்து நின்றுவிட்டது. கேட்டில் தொங்கிய தபால்பெட்டி தபால்பெட்டியாக இல்லை. வக்கீல் பாதி முகம் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். பின்னால் சைக்கிளில் வந்த 'அவ்வளவுதான்', "அண்ணே, தார் ரோட்டுல நாலையும் போட்டுட்டுத் திருப்பினா அது மல்லுக்கட்டும்ணே, சேத்துலதான் போடணும்" என்று கத்தினார். உன் அத்தான் அதைக் கேட்கவில்லை. அவர் அதற்குள் இறங்கி வக்கீலின் நுரைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் என்னிடம், "மேடம், நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். முன்சக்கரத்துக்கு நட்ட நடுவுல ஒரு மூடி இருக்குல்ல, அதை இடது கைப்பக்கமா திருகி விடுங்க. அப்பதான் முன்சக்கரம் விடுபடும். மறுபடி சேத்துல ஓட்டும்போது வலது பக்கமா திருகிக்கணும். அவ்வளவுதான்" என்றார். திருகினேன். சாக்பீஸ் பிடிக்கிற கை அது. வீட்டுக்கு வந்து திருத்திய முதல் விடைத்தாளில், கேள்வி எண் நான்குக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்துவிட்டது. அந்தப் பெண் மறுமதிப்பீடு கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வக்கீலைச் சமாதானப்படுத்திவிட்டு உன் அத்தான் திரும்பி வந்தபோது மெக்கானிக் வேறு வேலைக்குப் போயிருந்தார், வண்டி சாதுவாக நின்றது. தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓட்டி வந்தார். கல்யாணமான ஆண்களுக்கு நிறைய விஷயங்கள் தானாகவே சரியாகிவிடும். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கேலியாக எழுதிவிட்டேன். கேலி இல்லாமல் ஒன்று சொல்கிறேன். அந்த வண்டி உன் வாசலுக்கு வராது, தம்பி. தெருவில் திரும்பத் தெரியாதது மேட்டில் ஏறுமா? மழை வரும், இவர் கிளம்புவார், அதே மூன்றாவது வளைவில் போய் நிற்பார். எனக்கு வேண்டியது கிடைத்துவிடும். நீ வாக்கு மாறாதவன், மாற்றலுக்கு எழுதிக் கொடுத்துவிடுவாய். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தை நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், நீயாகவே முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் தோற்க வேண்டிய அவசியம் இல்லை. போன வாரம் அவரிடம் கேட்டேன், அவன் கீழே வந்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று. "எனக்கு என்ன குறையுது? அவன் மேகத்தைப் பாத்துக்கிட்டே பேசுவானே, பாத்திருக்கியா? பாதி பேச்சுல நம்மள விட்டுட்டு அதுங்கிட்ட போயிடுவான். அந்த ஆபீஸ் நாற்காலியில உக்காந்து எதைப் பாப்பான், ஃபேனையா?" என்றார். சொல்லிவிட்டு மறுபடி அடியில் போய்விட்டார். அன்று ஒரே விடைத்தாளின் மதிப்பெண்ணை நான் மூன்று தடவை கூட்டினேன். ஆனாலும் உன் கால் எனக்கு மேகத்தைவிட முக்கியம்.

ஆகவே யோசிக்காமல் எழுதிக் கொடு. இந்த வாரமே கொடு. உன் பழைய அறையில் அந்த வண்டியின் சீட்டுகள் இருக்கின்றன, எடுத்துவிடுகிறேன். உன் கால் வலியில்லாமல் நடக்கட்டும், உன் மழைமானி நிறைந்தாலும் நீ நனையாமல் இரு, வேளைக்குச் சாப்பிடு. இங்கிருந்து உன் அத்தானின் கால்களும் தங்கள் அன்பைத் தெரிவிக்கச் சொல்லின.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே.

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன், தபாலில் சேர்ப்பதற்குள் மழை வந்துவிட்டது. இன்று காலை உன் அத்தான் வானத்தைப் பார்த்தார், கடையைத் திறக்கவில்லை, "கிளம்பு" என்றார். வழியில் தபாலில் போடலாம் என்று இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முக்காலி வைத்து ஏறினேன். மேட்டின் முதல் வளைவு தாண்டியது, இரண்டாவதும் எப்படியோ தாண்டியது, மூன்றாவதில் நின்றது. குட்டி லீவரை இழுத்தார். பல்பு எரிந்தது. பின்சக்கரம் மட்டும் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. முன்சக்கரம் அசையவே இல்லை. தள்ளிவிட்டு மறுபடி இழுத்தார். பல்பு மறுபடி எரிந்தது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். "நீ சொன்னதுதான் சரி. அவனை எழுதிக் குடுக்கச் சொல்லிடலாம். நான் இங்கேயே இருக்கேன், நீ நடந்து போய்ச் சொல்லிட்டு வா. என்னால சொல்ல முடியாது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

ஒரு வருஷமாக நான் கேட்டது அந்த இடத்தில், அந்தச் சீட்டில், என் கைக்கு வந்துவிட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். முன்சக்கரம் ஏன் அசையவில்லை என்று அந்த வண்டியில் ஒருத்திக்குத்தான் தெரியும். நேற்றுமுன்தினம் அதைத் திருகி விட்ட கை என் கை. வைப்பர் போய்ப் போய் வந்தது. மேலே உன் நிலையத்தின் காற்றுக்காட்டி மரங்களுக்கு மேல் தெரிந்தது. சுற்றிக்கொண்டிருந்தது.

"சக்கரத்துல ஏதாவது கல்லு மாட்டியிருக்கும். பாக்கறேன்" என்று சொல்லி முக்காலியை இறக்கினேன். முக்காலி என்னோடு சேர்ந்து முழங்கால் ஆழம் இறங்கியது. இடதுபக்க மூடி சுலபமாகத் திரும்பியது. வலதுபக்க மூடியை முந்தானையைச் சுற்றிப் பிடித்துத்தான் திருக முடிந்தது. அந்தப் புடவையை நீ போன பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாய், இனி அதை மறந்துவிடு.

கண்ணாடியை இறக்கி, "என்ன?" என்றார்.

"கல்லு இருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். இப்ப ஓட்டுங்க."

ஓட்டினார். வண்டி ஒருமுறை பெருமூச்சு விட்டது. முன்பக்கம் மெல்ல மண்ணைப் பிடித்தது. உன் வாசல்வரைக்கும் அவர் மூச்சுவிடவில்லை. நின்ற பிறகு, "பாத்தியா, முன்னாடி இழுக்குது" என்றார், யாருக்கும் கேட்டுவிடக் கூடாத ரகசியம்போல. முகத்தில் சேறே இல்லை, ஆனாலும் பளபளவென்றுதான் இருந்தது.

உறையைப் பிரித்து, இந்தப் பின்குறிப்பை உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் மழையில் குந்திக்கொண்டு வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் உனக்கு அந்தக் கல்லைப் பற்றிச் சொல்வது இங்கே கேட்கிறது. இப்போது அது தேங்காய் அளவு இருக்கிறது. வக்கீலிடம் போகும்போது பாறையாகிவிடும். நீ சமர்த்து, மூடியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாய். வாயைத் திறக்காதே. உன் நிலையமும் மேகமும் உன்னிடமே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டிப் படிக்கு மட்டும் ஒரு கைப்பிடி போடு. போட்டாயா என்று நானே வந்து பார்ப்பேன், இனிமேல் எந்த மழையிலும் வரலாம். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.

இறங்கிப் போகும்போது தார் ரோடு வந்ததும் அந்த மூடிகளைத் திரும்ப இடது பக்கமாகத் திருகி விட வேண்டும், இல்லாவிட்டால் வக்கீலின் புதுத் தபால்பெட்டியும் போய்விடும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. அங்கே ஒரு கல் இருக்கும். நான் இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.